சம்பந்தி விழுந்த மூன்றாம் பாகம்

பேரன்புள்ள கண்மணி அக்காவுக்கு,

பொங்கோலிலிருந்து தம்பி கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிப்ட் மட்டும் நலமில்லை. ஈப்போவில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தியை நான் அவமானப்படுத்திவிட்டதாக என் வீட்டுக்காரி ரஞ்சிதம் உங்களுக்குப் போன் போட்டாளாம். நடந்ததைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி ரகுபதி தன் மகன் அசோக்கோடு, நம் பொண்ணு மோகனப்பிரியாவின் நிச்சயதார்த்தம் பற்றிப் பேச வந்தார். ஜாங்கிரி தீரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பேச விஷயமில்லாமல் டிவியைப் போட்டேன். அதில் ‘எரிமலை ஏகாம்பரம்’ மூன்றாம் பாகம். அந்தப் படங்களைப் பற்றி யாராவது கேட்டால் என் வாய் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். முதல் பாகம் தங்கம், ஏகாம்பரம் லாரி ஓட்டினால் நமக்கு வேர்க்கும். இரண்டாவதில் இரட்டைப் பிறவி, போகட்டும், பாட்டு நன்றாக இருக்கும். நான்காவதில் செத்துப்போன ஏகாம்பரத்தின் இதயத்தை வேறொருவனுக்கு வைக்கிறார்கள், உடனே அவனுக்கும் லாரி ஓட்ட வந்துவிடுகிறது, அதைக்கூட மன்னிச்சிடலாம். ஆனா இந்த மூணாவது இருக்கே, நம்ம சாங்கி கடற்கரையில எடுத்துட்டு ஹாங்காங்குன்னு சொல்றான், பின்னாடி நம்ம ஊரு பஸ் போகுது! "இதுல நடிச்சவங்களையெல்லாம் அதே கடல்ல தள்ளணும்" என்றேன்.

"தள்ளிட்டாங்க லா" என்றார் ரகுபதி. "அதோ, மஞ்சச் சட்டை. நான்தான் அது."

டிவியில் மஞ்சள் சட்டை அடியாள் ஏகாம்பரத்திடம் ஓர் அறை வாங்கித் தண்ணீரில் விழுந்தான். மோகனப்பிரியா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"சின்ன வயசு. ஷிப்யார்டுல லீவு போட்டுட்டுப் போனேன்" என்று காப்பியைப் பார்த்தபடி சொன்னவர், "சரி, அப்புறம் பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். காப்பி அப்படியே இருந்தது.

"படத்தைக் குறை சொல்லிப் பொண்ணு கல்யாணத்தை நிறுத்தின ஒரே அப்பன் நீங்கதான்" என்றாள் ரஞ்சிதம். பயந்துபோய் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து முழுதாகப் பார்த்தேன். அக்கா, மற்ற அடியாட்கள் எல்லாரும் நாற்காலி தேடி உட்காருவதுபோல விழுகிறார்கள். நம் சம்பந்தி ஒருவர்தான் நிஜமாக விழுகிறார். மறுநாளே சைனாடவுனில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"படத்துல அடி வாங்கினவங்கள்ல உங்களுக்கு மட்டுந்தாங்க வலிச்சுது" என்றேன்.

"நெஜமாவே அறைஞ்சுட்டாரு லா!" என்று கன்னத்தைத் தடவினார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தை மாதம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
கோவிந்தராசு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சம்பந்தியின் போன். "இத்தன வருசமா என் சீன் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுவேன். நீங்க சொன்னீங்களேன்னு நேத்துதான் முழுசாப் பாத்தேன். படு மோசம் லா! நாலாவதே தேவல" என்கிறார். மூன்றாம் பாகத்தைப் பற்றி என்னிடமே இப்படிப் பேச இந்த மனிதருக்கு என்ன துணிச்சல்! எதற்கும் நிச்சயத்துக்கு வர நீங்கள் இப்போதைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.