கையெழுத்துக்கு ஒரு நல்ல நாள்

ஐம்பதாவது வயதில் சுபாஸ்கரனுக்கு ஞானம் பிறந்தது. பிறந்த இடம் உரும்பிராய், அவருடைய வீட்டு விறாந்தை. பிறப்பித்தது கைத்தொலைபேசியில் ஓடிய ஒரு வீடியோ. அதில் ஒருவர் முந்நூறு ஆடுகளுக்கு நடுவில் நின்று சிரித்தார். சுபாஸ்கரன் இருபத்தாறு வருடமாகக் கோப்புகளுக்கு நடுவில் இருக்கிறார். ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

சாவகச்சேரியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அவருக்கு உத்தியோகம். மேலிருந்து வருவதைக் கீழே அனுப்புவார். கீழிருந்து வருவதை மேலே அனுப்புவார். இடையில் தேத்தண்ணீர். இன்னும் சில வருடம் இப்படியே இருந்தால் தன் நெற்றியிலும் ஒரு இலக்கத்தை ஒட்டி அலுமாரியில் அடுக்கிவிடுவார்கள் என்று அவர் மெய்யாகவே பயந்தார்.

"வேலையை விட்டிட்டு ஆட்டுப் பண்ணை போடப்போறன்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

மனைவி உதயகலா கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடம் போகமுன், வீட்டு வளவில் நின்ற இரண்டு ஆடுகளுக்கும் குழை கட்டிக்கொண்டிருந்தாள். சுபாஸ்கரன் ஆட்டை இதுவரை கறியாகத்தான் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

"நல்ல விசயம்" என்றாள்.

சுபாஸ்கரன் திடுக்கிட்டார். சண்டைக்கென்று மூன்று நாளாகச் சேர்த்து வைத்த நியாயமெல்லாம் வீணாய்ப் போகப் பார்த்தது. விடுவாரா?

"இல்லைக் கலா, ஒரு வீட்டிலை ரெண்டு பேரும் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறது மடைத்தனம். ஒராள் சம்பளத்தோடை இருக்கவேணும். மற்றாள் துணிஞ்சு வெளிக்கிடவேணும். விளங்குதோ உமக்கு?"

"ஓம், நல்லா விளங்குது. கடிதத்தை எழுதுங்கோ."

எழுதினார். நாலு பக்கம். அதில் இரண்டு பக்கம் மேலதிகாரியின் குணவிசேஷங்கள். உதயகலா சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தாள்.

"உதெல்லாம் ஏனப்பா? 'நீண்டகாலச் சேவையின் பின், சொந்தக் காரணங்களினால் முன்கூட்டியே ஓய்வுபெற விரும்புகிறேன்.' உவ்வளவும் காணும்."

சுபாஸ்கரன் அழகாகத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். வீரத்தோடு பேனையைத் திறந்தார்.

"ஐயோ, வையுங்கோ பேனையை! இண்டைக்கு அட்டமி!"

சாத்திரத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சுபாஸ்கரன் பத்துப் பேர் கேட்கச் சொல்வார். பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர் வெட்டமாட்டார். பேனையை மூடினார்.

"பேர், பதவி, கையெழுத்து மூண்டையும் நல்ல நாளிலை போடுவம். தாங்கோ, சாமியறையிலை வைக்கிறன்."

அடுத்த நாள் நவமி. அடுத்த கிழமை அவருடைய ராசிக்குச் சந்திராட்டமம். அது கழிய ஆடி பிறந்தது. ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவது?

சுபாஸ்கரன் சும்மா இருக்கவில்லை. முழங்கால் வரை ஏறும் சப்பாத்து வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்த வீடியோக்காரரைப் போலச் சிரித்துப் பழகினார். கந்தோரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பக்கத்து மேசைக் கொலின்ஸ் பிரியாவிடை விருந்தில் தின்ன றோல்ஸுக்கு ஓடர் கொடுத்துவிட்டார். அவருக்குச் சுபாஸ்கரனின் மேசையில் ஒரு கண்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். சுபாஸ்கரன் முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார்.

"எடும் கடிதத்தை."

உதயகலா ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இருந்தது அவருடைய கடிதம் அல்ல. கல்விக் கந்தோரிலிருந்து வந்த மறுமொழி.

"இதென்ன, உம்மடை பேர் கிடக்கு?"

"ஓம். என்ரை ஓய்வை ஏற்றுக்கொண்டிட்டினம். நீங்கள் எழுதினது திறமான கடிதமப்பா. ஒரு எழுத்தும் மாத்தேல்லை."

"அது என்ரை கடிதமெல்லோ!"

"பேர் இருக்கேல்லையே."

"நல்ல நாள் இல்லை எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"உங்கடை ராசிக்கு இல்லை. என்ரை ராசிக்கு நல்ல நாள்தான்."

சுபாஸ்கரன் கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒராள் துணிஞ்சு வெளிக்கிடவேணும் எண்டு சொன்னது நீங்கள்தானே?" என்றாள் உதயகலா. "எனக்கும் இருவத்திமூண்டு வருசமாப் பின்னக்கணக்குப் படிப்பிச்சு அலுத்துப்போச்சு. ஒருத்தரும் கேக்கேல்லை. அதாலை நானே துணிஞ்சிட்டன்."

இனி அவர் வேலையை விட முடியாது. வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒரே உத்தியோகம் அவருடையது. கொலின்ஸிடம் போய் றோல்ஸை நிற்பாட்டச் சொல்ல வேண்டும். அதை நினைக்கத்தான் அவருக்கு அழுகையே வந்தது.

வேட்டியைக் கழற்றிக் காற்சட்டை மாட்டினார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். வாசல் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். வளவில் உதயகலா ஆட்டுக்கொட்டிலுக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள். காலில் அவருடைய புதுச் சப்பாத்து.

"கலா, உம்மடை பண்ணையிலை எனக்கும் ஒரு வேலை போட்டுத் தருவீரோ?"

உதயகலா அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விண்ணப்பம் எழுதித் தாங்கோ, பார்ப்பம். ஆனால் முன் அனுபவம் உள்ள ஆக்களைத்தான் எடுக்கிறது."