ஆதாரம் அண்ணன் வைத்த பொறி

தமிழ்நாட்டிலேயே மெதுவடைக்கும் ஆதாரம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ஆதாரம் அண்ணன்தான். ஆபீஸ் இருந்த திருப்பாதிரிப்புலியூரில், டீக்கடையில் "இப்ப போட்டது சார்" என்று மாஸ்டர் சொன்னால் விடமாட்டார். "இப்பன்னா எப்ப? யாரு பாத்தா?" என்பார். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். புதுச்சத்திரத்தில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் விசாரணைதான். அவர் முன்பக்கம் ஏறினால் கண்டக்டர் பின்பக்கம் போய்விடுவாராம்.

நாங்கள் கல்யாண மண்டபங்களுக்கு ஆன்லைன் புக்கிங் நடத்தினோம். அந்த மென்பொருளைத் துண்டு துண்டாக்கித் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனித்தனி அறைகள் மாதிரியான 'கன்டெய்னர்'களில் ஓடவிட்டிருந்தோம். ஒவ்வொன்றும் தான் செய்ததையெல்லாம் 'லாக்' என்று தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். கன்டெய்னர் செத்தால் லாக்கும் கூடவே போய்விடும். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை.

"சாட்சியும் சேந்து செத்துட்டா கேஸ் எப்புடிப்பா நிக்கும்?"

எல்லா லாக்கையும் ஓரிடத்தில் சேர்க்க ஒரு புரோகிராமை நிறுவினார். எந்தக் கன்டெய்னரையும் விடாதே என்று அதற்கு உத்தரவு. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிவந்தார், எப்போது பிழிந்தது என்று விசாரித்துவிட்டுத்தான்.

மறுநாள் காலையில், நல்ல முகூர்த்த சீசனில், சைட் படுத்துவிட்டது. மண்டபக்காரர்கள் போனில் கிழித்தார்கள். முந்தைய நாள் சைட்டில் புது மாற்றங்களை ஏற்றியவன் நான். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"எல்லாம் உன் வேலதான். நாளையிலேருந்து நீ வர வேணாம்."

எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபம்கூட எங்கள் சைட்டிலேயே புக் பண்ணியிருந்தேன்.

"ஆதாரம் இருக்கா சார்?" என்றார் அண்ணன்.

சேர்த்துவைத்த லாக்கைத் திறந்து உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவருடைய புரோகிராமும் ஒரு கன்டெய்னரில்தான் ஓடியது. அதுவும் லாக் எழுதும். 'ஒரு வரி சேர்த்தேன்' என்று எழுதும். அந்த வரியையும் எடுத்துச் சேர்க்கும். சேர்த்ததை மறுபடி எழுதும். இப்படித் தன் புராணத்தைத் தானே பாடி டிஸ்க்கை நிரப்பிவிட்டது. புதிய புக்கிங் எழுத இடமில்லை.

"தம்பி மேல தப்பு இல்ல சார், நான்தான். என்னோடத மட்டும் சேக்காதன்னு அதுக்குச் சொல்ல மறந்துட்டேன். பாருங்க, எவ்ளோ தெளிவா மாட்டியிருக்கேன்!"

அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு தன் ரூமுக்குப் போனார். மதியத்துக்குள் அண்ணனே டிஸ்க்கைக் காலிபண்ணி சைட்டை எழுப்பிவிட்டார். என் வேலையும் பிழைத்தது, மண்டபமும் பிழைத்தது.

இப்போது நான் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். இங்கே எது படுத்தாலும் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். அப்போதெல்லாம் அண்ணனைத் தேடுகிறது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதற்கும் ஆதாரம் கேட்பார், தெரியும். என் கல்யாண போட்டோவில் எனக்குப் பக்கத்தில் நிற்பது அவர்தான்.