“மெஷின்ல தப்பே கெடையாது மேடம்”

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் ஏப்பம் விட்ட எந்த மனிதனும் ‘சாம்பிள்’ அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஏப்பம் விட்டால்கூடப் பையைத் திறந்து ஒரு ஜீரண மாத்திரை அட்டையை நீட்டிவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில், உப்பு வைக்கிறவருக்குப் பின்னாலேயே இவர் இலைக்கு ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே மருந்துக் கம்பெனியில் ரெப்புகளாக இருந்தவர்கள். இருபது வருடம் டாக்டர்களின் வாசலில் நின்றே தேய்ந்த அண்ணன், போன வருடம் திடீரென்று வேலையை விட்டார். ஈசிஜி மெஷின் விற்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம்.

“இன்னாண்ணா, இந்த வயசுல?” என்றேன்.

“மாத்திரை விக்கிறவன் நின்னுக்கினு பேசணும் நைனா. மெஷின் விக்கிறவனுக்குச் சேர் போடுவாங்க.”

சேருக்காக வேலை மாறிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புதுக் கம்பெனியோ, மூன்று மாதத்துக்குள் ஒரு மெஷினாவது விற்றால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டது. பழைய இடத்தில் அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. வீட்டில் இரண்டு பெண்கள் காலேஜில் படிக்கிறார்கள்.

முதல் நாளே புது மேனேஜரிடம், “சாம்பிள் எத்தினி குடுப்பீங்க சார்?” என்று கேட்டிருக்கிறார். மெஷினுக்கு சாம்பிள் கிடையாது, டெமோ மட்டும்தான் என்று அவர் விளக்கினாராம். யாரை வைத்து டெமோ காட்டுவது? அண்ணன் தானே படுத்துவிட்டார்.

காலையில் மார்பை மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு கிளம்புவார். டாக்டருக்கு வணக்கம் சொன்ன கையோடு டையைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, கட்டிலில் மல்லாந்துவிடுவார். கார்வேட்டிநகரத்தில் ஒரு நர்ஸ் இவரை நோயாளி என்று நினைத்து ஊசியோடு வந்துவிட்டார். இதில் பெரிய கொடுமை, பேசினால் ஈசிஜி கோடு ஆடும். டாக்டர் எதிரில் ஒரு ரெப் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பதைப் போலச் சித்திரவதை வேறு கிடையாது.

பதினோரு டாக்டர்கள் அவருடைய ஈசிஜி காகிதத்தைக் கையில் வாங்கினார்கள். பிரின்ட் பிரமாதம் என்றார்கள். விலையைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பலமனேரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். எனக்கும் அன்று அங்கேதான் வேலை என்பதால் கூடவே போனேன். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை இரண்டு முறை பார்த்தார்.

“ஒண்ணு, உன் மெஷின்ல தப்பு இருக்கணும். இல்லன்னா உன் நெஞ்சுல தப்பு இருக்கணும்.”

அண்ணன் சட்டையில்லாமல் எழுந்து உட்கார்ந்தார்.

“மெஷின்ல தப்பே கெடையாது மேடம்.”

“அப்போ தப்பு உன்கிட்ட.”

“இருந்துட்டுப் போவட்டும் மேடம். ரெண்டு வருஷம் வாரண்டி கீது.”

“யாருக்கு?”

“மெஷினுக்கு.”

டாக்டரம்மா தன்னுடைய பழைய மெஷினில் மறுபடி எடுத்துப் பார்த்தார். அதே கோணல். “பாத்தியா நைனா, நம்ம மெஷின் கரெக்ட்டு” என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் மனுஷர். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. டாக்டரம்மா திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வரவழைத்தார். இவரோ ஆர்டர் ஃபாரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். டாக்டரம்மா தானே எழுந்து வந்து ஒரு சேரை இழுத்துப் போட்டார். இருபது வருடம் ஏங்கிய சேர், அதில்கூட உட்காரவில்லை.

“கையெழுத்து போட்டா கார்ல ஏறுவியா?”

“சத்தியமா ஏறுவேன் மேடம்.”

போட்டுக் கொடுத்தார்.

சித்தூர் தாண்டும்வரை அந்த ஃபாரத்தையே படித்துக்கொண்டு வந்தவர், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயமா கீதுடா” என்றார். எனக்கு அவரைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

திருப்பதியில் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். கம்பெனியும் வேலையை நிரந்தரமாக்கிவிட்டது.

இப்போது மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம், அதனால் மெஷின் பை என் தோளில். இதற்கு எந்தக் கம்பெனியும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. கிளினிக் மாடியில் இருந்தால் அவரை முன்னால் ஏறவிட்டு, அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பின்னால் ஏறுகிறேன்.