தகரக் கடிதம் சேவ் பண்ணப்பட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த அடுத்த பெரிய காரியம், 1988இல் பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததுதான். அதை இயக்கும் பாக்கியம் கிளாக்கர் ஜுனைதீனுக்கு வாய்த்தது. கொழும்பில் பயிற்சி பெற்றுத் திரும்பிய நாள்முதல் அவர் செருப்பைக் கழற்றிவிட்டே அந்த அறைக்குள் போனார். மெஷினுக்கு ஈரம் ஆகாது என்று அந்த அறைக்கு மட்டும் புதுத் தகரக் கூரை போட்டார்கள். டைப்ரைட்டர் ‘கௌரவ ஓய்வு’ பெற்று ஸ்டோருக்குள் பூட்டப்பட்டது. காகிதக் கடிதம் இனிச் செல்லாது என்று பதுளைத் தலைமை ஆபீசும் அறிவித்துவிட்டது. நவீன காலம் அல்லவா!

கம்ப்யூட்டரில் பிறந்த முதல் கடிதம், தொழிலாளர் குடியிருக்கும் ஐந்தாம் நம்பர் லயத்தின் ஓட்டைக் கூரைக்குத் தகரம் கேட்டது. அந்த லயத்தில்தான் கொழுந்தெடுக்கும் இராக்கம்மா, இருமும் கைக்குழந்தையோடு ஒழுகாத மூலை தேடி இடம் மாறிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நம்ம தகரம் என்னாச்சுங்க?”

“கவலப்படாதீங்க. சேவ் பண்ணியாச்சு.”

இராக்கம்மா அவருடைய வழுவழுப்பான மோவாயைப் பார்த்தாள். “அது தெரியுதுங்க. தகரம்?”

கடிதம் ஒரு டிஸ்க்கில் ஏறி, பஸ்ஸில் பதுளைக்குப் பயணமானது. அங்கிருந்த மெஷினில் ஓடியது வேறு புரோகிராம். அதற்குப் பொறுப்பான ஸலீம் டெலிபோனில் கூப்பிட்டார்.

“ஜுனைதீன், ஒங்கட கடிதத்தில ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசி எழுத்து கோணிக்கிட்டு நிக்குது.”

“மிச்ச எழுத்து விளங்குதா?”

“விளங்குது. லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டிருக்கீங்க.”

“அப்ப அனுப்புங்களேன்!”

“ஊகிச்சுப் படிச்சதுக்கெல்லாம் தகரம் குடுக்க ஏலாது. எங்கட புரோகிராம் ஒத்துக்கிற மாதிரி சேவ் பண்ணி அனுப்புங்க.”

வழி ஜுனைதீனுக்குத் தெரியும். வெறும் எழுத்தாக சேவ் செய்தால் எந்த மெஷினும் படிக்கும். தடித்த எழுத்தும் அடிக்கோடும் மட்டும் போய்விடும். அப்படியே செய்து, தோட்ட நிர்வாகியான துரையிடம் திரையைக் காட்டினார்.

துரை கடைசி வரியில் தம் பதவியைத் தேடிப் பிடித்தார். “இது என்ன, நான் மெலிஞ்சு போயிருக்கேன்?”

“தடிப்பு மட்டுந்தான் சேர் போகும். தகரம் வந்துரும்.”

“தடிப்புப் போனா அதிகாரம் எங்கய்யா நிக்கும்? நம்ம முறையிலயே சேவ் பண்ணு. அவங்க திருந்தட்டும்.”

இரண்டு புரோகிராம்களுக்கும் ‘பொருத்தம்’ பார்க்கப் பதுளையில் கூட்டம் கூடியது. ஜாதகம் என்றால் என்னவென்றே அறியாத ஸலீம்கூடப் பொருத்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தேநீரோடு வந்த பற்றீஸ் தீர்ந்தது. இன்னொரு கூட்டம் கூட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

ஜுனைதீன் கடமை தவறாதவர். தினமும் கடிதத்தைத் திறந்து, துரையின் தடிப்பைச் சரிபார்த்து, மறுபடி சேவ் செய்தார். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் இராக்கம்மாவிடம் தினமும் ‘சேவ் பண்ணியாச்சு’ என்றே சொன்னார். சொல்லும்போது நெஞ்சு உறுத்தியது. துரையை மீறி ஒரு பொத்தானை அழுத்த மட்டும் விரல் வரவில்லை.

மார்கழி மழை பிடித்தது. ஒரு காலை, காற்று ஐந்தாம் லயத்துக் கூரையைப் பெயர்த்துத் தேயிலைக்குள் எறிந்தது. நனைந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றுக் காலோடு இராக்கம்மா நேரே கம்ப்யூட்டர் அறைக்குள் ஏறினாள். அவள் பின்னால் லயமே ஏறியது.

“ஐயோ, மெஷின் நனையும்!” என்று கத்திய பிறகுதான் ஜுனைதீன் குழந்தையைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே!

“கடிதத்துக்கு ஒண்ணும் ஆகல்ல, இராக்கம்மா. பத்திரமா சேவ்...”

இராக்கம்மா புதுத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“தெனமும் சேவ் பண்ணினேன்னு சொன்னீங்களே, நெசந்தாங்க ஐயா. லயத்து மேல ஒரு தகரம் பாக்கியில்ல. சுத்தமா மழிச்சு மொட்டையடிச்சிட்டீங்க.”