மகளுக்கு வேர்த்ததும் நான் ஏசியைக் கழற்றியதும்

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் முழங்கால் வலியையும் அறிய ஆவல்.

கண்டுபிடித்துவிட்டார்கள் மச்சான், என் மகளுக்கு என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்கள்! இருபத்தாறு வயதுப் பெண் எட்டு மாதமாக உட்கார்ந்த இடத்தில் குப்பென்று வேர்த்து, "அப்பா, உடம்பு எரியுது" என்றால், முப்பது வருஷமாக ஏசி மெக்கானிக்காக இருப்பவன் என்ன செய்வான்? ஏசியைக் கழற்றினேன். கேஸ் நிரப்பினேன், கம்ப்ரஸர் மாற்றினேன், அவள் அறையில் இன்னொன்றும் மாட்டினேன். உங்கள் தங்கை ஸ்வெட்டரோடு சமைக்கிறாள், எனக்கு மூக்கு ஒழுகுகிறது, மகளுக்கு மட்டும் வேர்க்கிறது. மாதவிலக்கும் அதே எட்டு மாதமாக நின்றுபோயிருந்ததாம். வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமாம். முதல் டாக்டர் வேலை டென்ஷன் என்றார், அடுத்தவர் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் ரத்தம் எடுத்தார், ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுத்தார். ஒரே ரீடிங்கை வைத்து முடிவு சொல்லாத அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

நேற்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். "மூளை சிக்னல் அனுப்பிட்டே இருக்கு, சினைப்பை கேக்கல. நாப்பது வயசுக்கு முன்னாடியே சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார். "பார்ட் மாத்திடலாமா?" என்று கேட்டேன். மகள் என் காலை மிதித்தாள். "மாத்த முடியாதுங்க. குறையிற ஹார்மோனை வெளியிலிருந்து குடுக்கலாம்." "அப்போ கேஸ் ஃபில்லிங்" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்படியே வெச்சுக்குங்க" என்றார். எலும்பும் இதயமும் கெடாமலிருக்க சுமார் ஐம்பது வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ள வேண்டும், எலும்புக்கு ஸ்கேனும் உண்டு. குழந்தை பற்றி மகள்தான் கேட்டாள். "கஷ்டம்தான்மா. ஆனா சினைப்பை எப்பவாவது தானா வேலை செய்யும். அறவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வேற வழிகளும் இருக்கு." விட்டு விட்டு ஓடுகிற மெஷினை நான் ஒருநாளும் பழைய இரும்புக்குப் போட்டதில்லை மச்சான், இதை வீடு வரும்வரை அவளிடம் விளக்கிக்கொண்டே வந்தேன். பாவம், களைப்பு, ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டரம்மா கேட்கிறார். உங்கள் பக்கம் விசாரித்து உடனே எழுதவும். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். "மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்ப்பா, நீங்க எழுதாதீங்க" என்றாள். சரியென்று தலையாட்டிவிட்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்யும்வரை இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். தவறிப் பிரித்துவிட்டால், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். எட்டு மாதமாக நான் அதைச் செய்யவில்லை.