மூன்றாம் முடிச்சும் அக்காவின் சடையும்

கல்யாண வீட்டில் யாரும் அழைக்காமலே ஒரு பொறுப்பைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அலையும் ஜென்மம் ஒன்று இருக்கும். தானும் தடுக்கி விழும், நாலு பேரையும் சேர்த்து விழவைக்கும். எங்கள் வீட்டில் அந்த ஜென்மம் நான்தான். செண்பகம் அக்காவின் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தலை அலங்காரம் என் இலாகா. (யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நானே எடுத்துக்கொண்டேன்.)

எனக்கு அப்போது பதினேழு வயது. இராஜாக்கமங்கலத்தில் இருந்தோம். ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நாகர்கோவில் பள்ளிக்கூட நாடகத்தில் ஒரு ராணிக்குக் கொண்டை போட்டுக் கைதட்டு வாங்கியிருந்தேன். கைதட்டு ராணிக்கா, கொண்டைக்கா என்று நான் விசாரிக்கவில்லை. வயது அப்படி.

அக்காவின் முடி ஒரு மழைக்காலம். அவிழ்த்துவிட்டால் அறை இருட்டிவிடும். பெண் பார்க்க வந்த திருவட்டாற்று அத்தை, அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பின்பக்கமாகப் போய்ச் சடையை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். முழங்காலைத் தாண்டிக் கிடந்தது. "கொள்ளாம்" என்று மெச்சினாள். அந்த ஒற்றைச் சொல்லில் கல்யாணம் நிச்சயமானது. ஊருக்குப் போய், கோவில் நடையில் கண்டவர்களிடமெல்லாம் மருமகளின் முடியைப் பற்றியே பேசுகிறாள் என்று சேதி வந்தது.

கூடவே டைபாய்டும் வந்தது.

காய்ச்சல் தலைக்கு ஏறிவிடும் என்று வைத்தியர் முடியை வெட்டச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே வெட்டினாள். அக்கா பிழைத்தாள். கல்யாணம் நெருங்கியபோது புது முடி காதைத் தாண்டி, கழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்டச் சொல்லிருவோம்மா" என்றாள் அக்கா.

"சொன்னா, சீக்குப் பிடிச்ச பிள்ளைய நம்ம தலையில கெட்டப் பாக்குகாவன்னு போயிருவாங்க மக்கா. தாலி கழுத்துல ஏறட்டு. பொறவு பைய சொல்லலாம்."

"அதுவரைக்கும் பொய் முடியா?"

"எதுட்டி பொய்?" அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வெட்டிய சடையை மேல்நுனியில் நூலால் கட்டி, வெட்டிவேர் போட்டு வைத்திருந்தாள். "ஓம் முடிதான இது? தலையில இல்ல, பெட்டியில இருக்கு. அவ்வளவுதான வித்தியாசம்!"

சடை என் கைக்கு வந்தது. மூன்று வாரம் கனவிலும் அதையே பின்னினேன்.

கல்யாணக் காலை. செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்துக் குளித்த அக்காவின் குட்டை முடியை ஒரு எலுமிச்சங்காயளவு கொண்டையாக முடிந்தேன். அதன்மேல் சடையை வைத்து, உயிரைக் கொடுத்து இழுத்துக் கட்டினேன். கறுப்பு நூல் படக்கென்று அறுந்தது. வெளியே நாகசுரம் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுற்றும்முற்றும் பார்த்தேன். கலசத்துக்குச் சுற்ற அம்மா மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருந்த நூல்கண்டு ஓரமாகக் கிடந்தது. எனக்குள் ஒரு மின்னல். (அந்த வயதில் எனக்கு அடிக்கடி மின்னும். மழைதான் பெய்யாது.)

"ஏட்டி, மஞ்ச நூலு வேண்டாம். கறுப்பு கேட்டு வாங்கு" என்றாள் அக்கா.

"சும்மா இரிக்கா. மங்களத்துக்கு மங்களம், பலத்துக்குப் பலம். பூ மூடிரும்லா!"

நாலாகத் திரித்துச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். மிஞ்சிய நுனிகளை வெட்ட மனம் வரவில்லை, இருந்தால் பிடிமானம்தானே என்று பிடரியில் தொங்கவிட்டேன். மேலே தாழம்பூ தைத்தேன். அதற்கும் மேலே தோவாளைப் பிச்சிப்பூ, பந்து பந்தாக. நுனியில் குஞ்சலம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். சடை இல்லை அது, பூத்து இறங்கிய ஓடை. எனக்கே கண் கலங்கியது.

மணவறையில் மாப்பிள்ளை அத்தான் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் அவருடைய அக்கா கோமதி மதினிக்கு உரியவை. மதினி திடகாத்திரமானவள். அவள் கட்டிய பசு கயிறோடு முளையையும் பிடுங்கிக்கொண்டு போகுமே தவிர முடிச்சு அவிழாது என்பார்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை கண்ணில் விழுகிறது. மதினி பிச்சிப்பூவுக்குள் கையை விட்டு, மஞ்சளாக எது அகப்பட்டதோ அதையெல்லாம் சேர்த்து இழுத்து, இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. முகம் முழுக்கத் திருப்தி.

பெரியவர்கள் காலில் விழும்போதுதான் விபரீதம் தெரிந்தது. அக்கா குனிந்தால் சடை பிடரியை இழுத்தது. சடையைத் தளர்த்தத் தலையைத் தூக்கினால் தாலி தொண்டைக்கு ஏறியது. பாவம், மோவாயை நீட்டிக்கொண்டே எல்லார் காலிலும் விழுந்தாள்.

"என்ன, மருமக வானத்தப் பாத்துகிட்டுக் கும்பிடுகா?" என்றாள் அத்தை.

உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் பூவை விலக்கிப் பார்த்தேன். தாலிச் சரடும் என் நூலும் ஒரே மஞ்சள், ஒரே முடிச்சு. கத்தரிக்கோலை எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "எது தாலிக் கயிறுன்னு தெரியுமாட்டி ஒனக்கு?"

தெரியவில்லை. கல்யாண நாளில் தாலியை அறுத்த தங்கச்சி என்று பெயர் வாங்க எனக்குத் துணிவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தோழிப் பொண்ணா நீதான கூட வாற? வழியில கழுத்து இறுகுனா நீதான் மூச்சு விடணும் எனக்கு."

காரில் திருவட்டாறு போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா "ஸ்" என்றாள். அத்தான் சாலை மோசம் என்று வருத்தப்பட்டார்.

அங்கே முன்கட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்தார்கள், பேர்பெற்ற அந்த முடியைப் பார்க்க. "வாடின பூவ மாத்திட்டுக் கூட்டியாறேன்" என்று அத்தை அக்காவை உள்ளே அழைத்துப் போனாள். நானும் கோமதி மதினியும் பின்னால் ஓடினோம். நான் தடுப்பதற்குள் அத்தை தாழம்பூவைப் பிடித்து இழுத்தாள். பூ வந்தது. சடையும் வந்தது. ஆனால் கீழே விழவில்லை. தாலியிலிருந்து முதுகில் தொங்கி, பைய ஆடியது. அந்த அறையில் அது ஒன்றுதான் ஆடியது. நாங்கள் நாலு பேரும் சிலை.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "காய்ச்சல்ல போச்சு அத்தை. எம் முடிதான். மறைச்சது தப்பு."

அத்தை அவளை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "ஏ கோமதி! தாலியில எதச் சேத்துக் கெட்டி வச்சிருக்க?"

"மஞ்சளா இருந்துதும்மா! நான் கண்டனா?"

சத்தம் கேட்டு அத்தான் வாசலில் வந்து நின்றார். தாலியையும் பார்த்தார், சடையையும் பார்த்தார், சிவந்துபோயிருந்த அக்காவின் கழுத்தையும் பார்த்தார்.

"காலையிலேர்ந்து இப்படியேவா இருக்க? ரொம்ப வலிக்கா?"

அக்கா மேடையிலும் அழவில்லை, வீட்டைவிட்டுப் புறப்படும்போதும் அழவில்லை. இப்போது அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டாள்.

அத்தை அக்காவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "இவ்வளவு பெரிய காய்ச்சலு வந்தத ஒரு வாக்கு சொல்லிருக்கலாம்லா பிள்ளே? பொழச்சு வந்தியே, அது மதி, அது போதும்." குரல் உடனே மாறியது. "ஆனா ஊருல நான் சொன்ன முடி இதாக்கும். வெளிய அவளுவ இருக்காளுவ. கோமதி, கறுத்த நூலு எடு!"

அத்தையே சடையை மறுபடி வைத்துக் கட்டினாள், தாலி இழுக்காமல், வலிக்காமல். பிறகு மருமகளை முன்கட்டுக்கு நடத்திக்கொண்டு போய்ப் பெருமையாகத் திருப்பி நிறுத்தினாள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நல்ல நாள் பார்த்துத் தாலிக் கயிறு மாற்றும்வரை அக்கா அந்தச் சடையோடுதான் உறங்கி எழுந்தாள். குளிக்கும்போது அதைக் கொடியில் போட்ட துண்டுபோலத் தோளில் போட்டுக்கொள்வாளாம்.

முடி பிறகு வளர்ந்தது. ஆனால் கோமதி மதினிக்கு வந்த சந்தேகம் தீரவே இல்லை. இரு வீட்டிலும் எந்தக் கல்யாணமானாலும் முடிச்சுக்கு முன்னால் மதினி மணப்பெண்ணின் பின்னால் வந்து நின்று, சடையைப் பிடித்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். பெண் "அய்யோ!" என்று அலறினால்தான் தாலி கட்ட உத்தரவு. என்னைப் பந்தலின் கடைசி வரிசையில், கையில் நூல் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உட்காரவைப்பார்கள்.

போன தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். இழுப்பையும் அலறலையும் கண்டு மிரண்டுபோய், "இது என்னங்க சம்பிரதாயம்?" என்று அத்தானிடம் கேட்டார்கள்.

"ரொம்பப் பழசு" என்றார் அத்தான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "எங்க பக்கம் பொண்ணு சம்மதம் சொல்லுகது இப்படித்தான்."

அவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தோம். முகூர்த்த நேரம். மாப்பிள்ளையின் தங்கை மணப்பெண்ணின் பின்னால் வந்து நின்று, சடையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.