ஆறு டாக்டரைப் பார்த்த பையன்

ஆறாவது தாளிலும் அதே பையன் இருந்தான்.

பதிவு எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆண். அதே பிறந்த தேதி. அதே தெரு. நோய்: தட்டம்மை. பார்த்த நாள்: நேற்று. ஆறு தாள்கள், ஆறு குழந்தை மருத்துவர்கள்.

பெயர் இல்லை. பெயர் கேட்கக் கூடாது என்பது விதி.

நகரத்தின் நாற்பது குழந்தை மருத்துவர்களும் செவ்வாய்தோறும் ஆளுக்கொரு தாள் அனுப்புவார்கள். எந்தத் தெருக் குழந்தைக்கு என்ன தொற்று என்பது அதில் இருக்கும். எழுத்தர் அதைப் பார்த்துச் சுவர் வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி குத்துவார். ஒவ்வொரு டாக்டரும் தன் மேஜைக்கு வந்த குழந்தையைத்தான் பார்க்கிறார். சுவரில் பார்த்தால், நோய் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மழைபோல் நகர்வது தெரியும். பதினொரு வருடமாகப் பார்க்கிறார். இன்றைக்கும் அந்தச் சுவருக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரே தெருவில் மூன்று தட்டம்மை என்றால் தடுப்பூசி வண்டி கிளம்ப வேண்டும். நோயாளியோடு பழகிய குழந்தைகளுக்கு மூன்று நாளுக்குள் ஊசி போட்டால்தான் பலன்.

போன வருடம் ஓர் அப்பா தன் மகளை நான்கு டாக்டர்களிடம் தூக்கிக்கொண்டு அலைந்தார். எழுத்தர் நான்கு குண்டூசி குத்திவிட்டார். ஒலிபெருக்கியோடு வண்டி போனது. அங்கே ஒரே ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதிகாரி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வேண்டியதை எழுதிக் காட்டினார்.

எழுத்தர் ஐந்து தாள்களில் கோடு போட்டார். ஒரு குண்டூசி குத்தினார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆற்றங்கரை டாக்டருக்குப் போன் போட்டார்.

"அந்தத் தட்டம்மைப் பையனா? ஒல்லிக்குச்சி. ஊதினா பறந்துடுவான்."

பாலத்தடி டாக்டரம்மா வேறு சொன்னார். "தூக்கி மேஜையில உக்கார வைக்கவே முடியல. என் இடுப்பு போச்சு."

"அவன் ஒல்லின்னு சொன்னாங்களே டாக்டர்?"

"சொன்னவர வந்து தூக்கச் சொல்லுங்க."

மூன்றாவது டாக்டர், பையனுக்கு முன்பல்லே இல்லை என்றார். நான்காவது டாக்டர் தன் விரலில் கட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"தொண்டையப் பாக்கலாம்னு வாயைத் திறக்கச் சொன்னேன். கடிச்சுட்டான்."

"பல்லே இல்லாம எப்படி டாக்டர் கடிச்சான்?"

"அத என் விரலக் கேளுங்க."

எழுத்தர் போனை வைத்தார். கடைவாய்ப் பல்லால் கடித்திருப்பான். உடம்பெல்லாம் தடிப்பு, அனலாய்க் காய்ச்சல். அதோடு ஒரே நாளில் ஆறு டாக்டர். போகிற வழியில் இளைத்து, மறுபடி பெருத்திருக்கிறான். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கூட அலைந்த தாயின் கால்களை நினைத்தார். கும்பிட வேண்டிய கால்கள்.

"தனியா என்ன பேச்சு?" என்று அதிகாரி உள்ளிருந்து கேட்டார்.

"ஒரே பையன் மேடம். ஆறு இடத்துல காட்டியிருக்காங்க."

"மறுபடியுமா?"

"இந்தத் தடவை பிடிச்சுட்டேன் மேடம்."

"நிச்சயமா? இருக்கறது ஒரு வண்டி. நாலு மணிக்கு மலையடிவாரத்துக்கு அனுப்பிட்டா, திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகும். அப்புறம் அந்தத் தெருவுக்குப் போய்ப் பிரயோஜனமே இல்ல."

"என் தலையில அடிச்சுச் சொல்றேன் மேடம்."

எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது டாக்டர்களுக்கும் தகவல் அனுப்பினார். 'இந்தத் தேதியில் பிறந்த பையன் வந்தால் இனி எழுத வேண்டாம். பதிவில் ஏறிவிட்டான்.'

பதில்கள் வந்தன. 'காலையில் இங்கேயும் வந்தான். எழுதவில்லை.' 'இப்போதுதான் போனான். நல்ல பாட்டுக்காரன்.' 'வாந்தி எடுத்தான். எழுதவில்லை.'

மூன்று மணிக்குள் ஒன்பது டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். எழுத்தர் எழுந்து நின்று அதிகாரியிடம் சொன்னார்.

"இன்னைக்கும் மூணு டாக்டர் மேடம். பாட்டு வேற பாடியிருக்கான்."

"அவன நம்ம ஆபீசுக்கு எடுத்துக்கலாம்யா. நீங்க ஒரு தாளுக்கு ஒரு நாள் எடுத்துக்கறீங்க."

நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மாடிப்படி டாக்டர் கூப்பிட்டார்.

"உங்க பையன் வந்திருக்கான்."

"விடுங்க டாக்டர். அவன் ஏறிட்டான்."

"அது சரி. ரெண்டு பேரா வந்திருக்கான்."

எழுத்தர் சுவரைப் பார்த்தார். ஒரே ஒரு குண்டூசி.

"ரெண்டு பேருக்கும் அதே தேதியா?"

"அதே தேதி. ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் சிவப்பு. ஒருத்தன் என் தோள் வரைக்கும் இருக்கான், இன்னொருத்தன் மேஜைக்கு அடியில நிக்கறான்."

"இரட்டையா இருக்குமோ?"

"கூட்டிட்டு வந்தவங்ககிட்டயே கேளுங்க."

போன் கை மாறியது. எழுத்தர் ஒயர் இழுபடும் அளவுக்கு ஜன்னலை நோக்கி நகர்ந்தார். கீழே டிரைவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டும் உங்க பிள்ளைங்களா? இரட்டையா?"

மூச்சு வாங்க ஒரு பெண் பேசினாள்.

"இரட்டை இல்ல சார், நான் அநாதைப் பிள்ளைங்க இல்லத்து ஆயா, எவன் எப்பப் பொறந்தான்னு யாருக்குத் தெரியும், ஒண்ணாவதுல சேக்கத் தேதி கேட்டாங்கன்னு இருபத்தஞ்சு பேருக்கும் ஒரே தேதியப் போட்டுக் குடுத்துட்டோம், இன்னும் பதினாலு பேருக்குக் காய்ச்சல் வரல, ஓசியில பாக்கறதால ஒரே டாக்டர் தலையில கட்டக் கூடாதுன்னு பிரிச்சுப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறேன், ஊர்ல இன்னும் எந்த டாக்டர் சார் மிச்சம் இருக்காரு?"